வெள்ளைத் துணிக்குப் பின்னால்

கால்டர்வுட் கம்பெனியில் புது மாடல் எது வந்தாலும், கடைக்கு அனுப்புவதற்கு முன்னால் அதைப் படம் எடுத்துவிடுவார்கள். தொழிற்சாலையின் பின்பக்கம், சரக்கு ரயில் வந்து நிற்கும் மேடை ஓரமாகக் காரை நிறுத்துவார்கள். காருக்குப் பின்னால் இரண்டு ஆட்கள் பெரிய வெள்ளைத் துணி ஒன்றை ஆளுக்கொரு முனையாக இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அப்போதுதான் பின்னாலிருக்கும் செங்கல் சுவரும் தூண்களும் நிலக்கரிக் குவியலும் மறைந்து, காரின் வளைவு மட்டும் கத்தியால் வெட்டியது மாதிரி விழும். அந்த இரண்டு ஆட்களில் ஒருவன் நான், வாலெக். இன்னொருவன் ஃப்ளோரியன்.

எங்கள் உண்மையான வேலை காரைத் துடைத்து ரயில் பெட்டியில் ஏற்றுவது. டெட்ராய்ட்டில் அப்போது எத்தனையோ கார்கள் தயாராயின. கால்டர்வுட் வேறு ரகம். கப்பல் முதலாளிகளும் வங்கிக்காரர்களும் வாங்குகிற வண்டி. அதன் மூக்கில் வெள்ளி நாரை ஒன்று இறக்கை விரித்து நிற்கும். துடைத்துத் துடைத்தே அந்த நாரையின் ஒவ்வொரு இறகும் எங்களுக்கு மனப்பாடம். ஆனால் பின்சீட்டில் ஒரு தடவைகூட உட்கார்ந்து பார்த்ததில்லை. உட்கார்ந்தால் வேலைச் சீட்டு கிழிந்துவிடும்.

ஒருநாள் ஆபீசுக்குச் சாவி கொடுக்கப் போன ஃப்ளோரியன், அங்கே கிடந்த விளம்பரப் புத்தகம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"டேய் வாலெக், இந்தக் கார் பக்கத்துல யாரு நிக்கிறா பாரு."

பார்த்தேன். ஒருவரும் இல்லை. ஏதோ ஏரிக்கரையில் கார் தன்னந்தனியாக நின்றது. பின்னால் அன்னங்கள் நீந்திக்கொண்டிருந்தன.

"போன மாசம் நாம துணி பிடிச்ச வண்டிதானே இது?"

"அதேதான். குளிர்ல கை மரத்துப் போற வரைக்கும் நின்னோம். இப்ப துணியும் இல்ல, நாமும் இல்ல. அன்னத்துக்கெல்லாம் இடம் இருக்கு, நமக்கு இல்லையாம்."

"யாரோ அழிச்சிருக்காங்க."

"யாருன்னு பாத்துட்டு வரேன்," என்று கிளம்பினான். சண்டை போடப் போகிறானோ என்று பயந்து நானும் பின்னால் போனேன்.

படப்பிரிவு மூன்றாம் மாடியில் இருந்தது. மதிய நேரம். மாடிப்படியில் ஒரு பெண் உட்கார்ந்து கறுப்பு ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். விரல் நுனியெல்லாம் வெள்ளைச் சாயம்.

"நீங்கதான் எங்களை அழிக்கிறதா?" என்று ஃப்ளோரியன் கேட்டான்.

அவள் வாயில் இருந்ததை மென்று முடித்துவிட்டு, "எந்த வண்டி?" என்றாள்.

"கறுப்பு. நீள மூக்கு. அன்னம் நீந்துறது."

"இடதுபக்கம் தொப்பி போட்ட ஆளா நீங்க?"

"ஆமா."

"உங்க தொப்பி உயிரை வாங்கிருச்சு. பின்னாடி இருந்த தூணோட ஒட்டிக்கிச்சு. எது தொப்பி எது தூணுன்னு தெரியாம அரை நாள் போச்சு."

"மூஞ்சி?"

"மூஞ்சி சுலபம். ஒரே தடவு."

அவள் சிரிக்கவில்லை. அவன்தான் சிரித்தான். படியில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பேர் என்ன என்று கேட்டான். கெனோவெஃபா என்றாள், வீட்டில் கேன்யா. எங்களைப் போலவே ஹாம்ட்ராமிக் பக்கத்துப் போலிஷ் குடும்பம். ஃப்ளோரியன் தன் பேரைச் சொன்னதும், "கோயில்காரர்தானா," என்றாள். எங்கள் பேட்டையின் பெரிய கோயில் புனித ஃப்ளோரியன் பேரில்தான் இருக்கிறது. எரிகிற வீட்டின்மேல் வாளியால் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்கும் புனிதர்.

அதற்கப்புறம் துணி பிடிப்பது ஃப்ளோரியனுக்கு வேலையாகவே இல்லை. படம் எடுக்கும் ஆல்காட் கறுப்புப் போர்வைக்குள் தலையை நுழைத்து, "யாரும் அசையாதீங்க," என்று கத்தியதும், இவன் துணிக்கு மேலே முகத்தைக் காட்டி ஒரு கண்ணைச் சிமிட்டுவான். இன்னொரு நாள் நெஞ்சில் கை வைப்பான். காதில் பூ செருகிக்கொண்டு வருவான். தவக்காலத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை, வீதி முழுக்க ஜாம் வைத்த உருண்டை விற்கும் நாள், ஒன்றை அப்படியே வாயில் கவ்விக்கொண்டு நின்றான். எப்படியும் அழிக்கத்தானே போகிறார்கள் என்று ஆல்காட்டும் விட்டுவிட்டார்.

மறுநாள் காலை அந்தப் படம் கேன்யாவின் மேசைக்கு வரும். சாயங்காலத்துக்குள் அவனை அழித்தாக வேண்டும். கடைசியாகத்தான் அவன் பக்கம் வருவாளாம். முதலில் சுவர், அப்புறம் தூண், அப்புறம் துணி. பொழுது சாயும் நேரத்தில், மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால், அவன் முகம்.

"என்னை எப்ப அழிச்சே?" என்று வாசலில் காத்திருந்து கேட்பான்.

"கடைசில."

"கஷ்டமா இருந்துச்சா?"

"பழகிருச்சு."

"பொய் சொல்றா, வாலெக். மூக்கு செவக்குது பாரு."

ஒருமுறை அவள் என்னைப் பார்த்து, "நீங்க ஏன் இதெல்லாம் பண்றதில்ல?" என்று கேட்டாள். "நான் துணியை ஒழுங்கா பிடிச்சாத்தானே இவன் ஆட முடியும்," என்றேன். மூன்று பேரும் சிரித்தபடியே வீதி முனை வரை நடந்தோம்.

ஈஸ்டர் முடிந்து கல்யாணம் என்று பேசி வைத்திருந்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் கம்பெனி ஆட்குறைப்பு செய்தது. சரக்கேற்றும் பிரிவில் பாதிப் பேருக்கு வேலை போயிற்று. ஃப்ளோரியனும் அதில் ஒருவன். எனக்குப் போகவில்லை. ஏன் என்று இன்றுவரை தெரியாது. ஏரிகளில் இரும்புத் தாது ஏற்றிப் போகும் கப்பல் ஒன்றில் அவனுக்கு இடம் கிடைத்தது. ஒரு பருவம் ஓடிவிட்டு வந்தால் தனியாக வீடு பிடிக்கலாம் என்றான். கல்யாணத்தைக் குளிர்காலத்துக்குத் தள்ளி வைத்தார்கள்.

நவம்பரில் மிச்சிகன் ஏரியில் அடித்த புயலைப் பற்றி எங்கள் ஊரில் இன்னும் பேசுவார்கள். காலையில் வெயில், மதியத்துக்குள் பனியும் பேய்க்காற்றும். அவன் கப்பலில் இருந்த ஒருவர்கூடக் கரைக்கு வரவில்லை.

நானும் ஃப்ளோரியனும் ஒரே விடுதியில் தங்கியிருந்தோம். விடுதி நடத்திய பெலாஜியாம்மாவுக்குத்தான் முதலில் தகவல் வந்தது. அந்த அம்மா அழுதுகொண்டே என்னிடம் சொல்ல, நான் மூன்றாம் மாடிக்கு ஏறிப் போனேன். அந்தப் படி அத்தனை நீளம் என்று அன்றுதான் தெரிந்தது.

கேன்யா குனிந்து, ஒரு காரின் பம்பரில் வெளிச்சம் தீட்டிக்கொண்டிருந்தாள். நான் சொன்னேன். அவள் தூரிகையைப் படத்திலிருந்து எடுக்கவில்லை. பம்பரின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை அந்த வெளிச்சத்தைப் பிசிறில்லாமல் இழுத்து முடித்தாள். தூரிகையைக் கழுவித் துடைத்து வைத்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"உன் ரூம்ல அவனோட படம் ஏதாவது இருக்கா?"

"இல்ல. பெட்டியோடதான் கப்பலுக்குப் போனான்."

"ஊர்ல?"

"ஊர்ல யாரு இருக்கா? அவன் அனாதைதானே, கேன்யா."

அவள் தலையை ஆட்டினாள். "அத்தனை படத்துல இருந்தான்," என்றாள்.

ஆல்காட்டிடம் போய்க் கேட்டாள். அவள் அழித்ததெல்லாம் காகிதப் பிரிண்ட்டில்தான். மூலமான கண்ணாடி நெகட்டிவில் அவன் அப்படியே இருக்க வேண்டும். ஆல்காட் நல்ல மனிதர். தேடினார். அலமாரியில் இடம் போதாமல் பழைய நெகட்டிவ் பெட்டிகளை வேறு கட்டடத்துக்கு மாற்றியிருந்தார்கள். அந்தக் கட்டடத்தில் விமான எஞ்சின் வேலை ஆரம்பிக்க, பெட்டிகள் இன்னோர் இடத்துக்குப் போயின. எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. யுத்தம் வந்தது. நான் பட்டாளத்துக்குப் போனேன். திரும்பி வந்தபோது ஆல்காட் காலமாகியிருந்தார். கேன்யா அப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள், பெட்டி ஏதாவது வந்ததா என்று.

புனித ஃப்ளோரியன் கோயிலுக்குப் போவதையும் அவள் நிறுத்தியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தள்ளியிருந்த வேறு கோயிலுக்கு நடந்து போவாள். நானும் கூடப் போகத் தொடங்கினேன். அப்படிப் போய் வந்த ஒருநாள், என்னைக் கட்டிக்கிறாயா என்று கேட்டேன்.

"நான் அவனைப் பத்திப் பேசுவேன், வாலெக். நிறுத்த முடியாது. உனக்குக் கஷ்டமா இருக்காதா?"

"நானும்தான் பேசுவேன். அவன் என் சிநேகிதன்."

பாதிரியார் முன்னால் நாங்கள் சொன்ன வார்த்தைகள் எனக்கு மறந்துவிட்டன. இது மறக்கவில்லை.

நல்ல வாழ்க்கைதான் வாழ்ந்தோம். ஒரு பையன், ஒரு பெண். ஐம்பதுகளில் கால்டர்வுட் கம்பெனியை மூடினார்கள். அந்த வண்டி வாங்குகிற ஜனங்கள் வேறு வண்டிக்குப் போய்விட்டார்கள். நான் டிரக் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தேன். கேன்யா கல்யாண போட்டோ ஸ்டூடியோ ஒன்றுக்குப் பகுதி நேரமாகப் போய், மணப்பெண்களின் முகப்பருவை அழித்துக்கொடுத்தாள்.

முதல் வருடங்களில் ஃப்ளோரியன் எங்கள் வீட்டில் நிறையவே இருந்தான். அவன் அதைச் சொன்னான், இதைச் செய்தான் என்று சாப்பாட்டு மேசையில் சிரிப்போம். பிறகு மெல்ல மெல்ல ஒரு சங்கடம் வந்தது. அவன் முகம் அவளுக்கு நழுவத் தொடங்கியது.

"கண்ணு சாம்பலா, பச்சையா?"

"சாம்பல்."

"பச்சைன்னு இருக்கு எனக்கு."

"அப்பப் பச்சைதான் போல."

"எனக்காகச் சொல்லாத. யோசிச்சுச் சொல்லு."

பென்சிலை எடுத்து வரைய உட்காருவாள். அந்தக் கை காரின் வளைவை மயிரிழை பிசகாமல் போடும். அவன் முகம் மட்டும் வராது. "மூக்கு இப்படியா?" என்பாள். "கொஞ்சம் பெரிசு," என்பேன். அழிப்பாள். "இப்ப?" "இப்ப ரொம்பப் பெரிசு." கடைசியில் காகிதத்தைக் கசக்கி அடுப்பில் போடுவாள். பார்த்துப் பார்த்துச் சொல்லியதில் எனக்கும் அவன் முகம் கரைந்துபோனது. கண்ணை மூடினால் அவள் போட்ட தப்பான மூக்குகள்தான் வரிசையாக வந்தன.

பொறாமை இருந்ததா என்று என் பெண் ஒருமுறை கேட்டாள். செத்தவன்மேல் பொறாமைப்பட எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் இருந்தது. ஒரே தட்டில் சாப்பிட்டவன் என்பதால் கொஞ்சம் கூடவே இருந்தது. ஜன்னலருகே உட்கார்ந்து அவள் எதையோ உற்றுப் பார்த்தபடி இருக்கும்போது, அங்கே போய் "என்ன யோசனை?" என்று நான் கேட்டதே இல்லை. காப்பி மட்டும் கொண்டுபோய் வைப்பேன்.

நாங்கள் இருவரும் எழுபதைத் தாண்டிய பிறகு, ஒருநாள் செய்தித்தாளில் சின்ன அறிவிப்பு ஒன்று பார்த்தேன். இடிக்கப்போன கிடங்கு ஒன்றிலிருந்து கால்டர்வுட் கம்பெனியின் நெகட்டிவ் பெட்டிகள் கிடைத்திருக்கின்றன. நகர நூலகத்துக்கு வந்துள்ளன. அங்கே வேலை பார்த்தவர்கள் வந்து உதவினால் நல்லது என்று போட்டிருந்தது. அந்தப் பக்கத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். கேன்யாவிடம் சொல்லவில்லை. போய்ப் பார்த்து இல்லையென்று ஆகிவிட்டால், இரண்டாம் தடவையாக அவளால் தாங்க முடியாது. முடிவெட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போனேன்.

நூலகத்தில் டெலோரிஸ் ப்ரூயிட் என்ற அம்மாள் இருந்தார். ஐம்பது வயது இருக்கும். அவருடைய அப்பாவும் கால்டர்வுட் உலைக்கூடத்தில் வேலை பார்த்தவராம். "எங்கப்பா படம் ஒண்ணாவது வருதான்னு நானும் தேடிட்டுத்தான் இருக்கேன், ஐயா," என்றார். வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, அடியிலிருந்து விளக்கு எரிகிற மேசையில் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக வைத்துக் காட்டினார். கார், கார், வெறும் கார். அப்புறம் கறுப்பாக ஒரு பெரிய சதுரம்.

"இது என்னன்னு எங்களுக்கே புரியல," என்றார்.

"துணி. நெகட்டிவ்ல வெள்ளை கறுப்பாத் தெரியுது," என்றேன்.

துணிக்கு மேலே அவன் இருந்தான். கறுப்பும் வெள்ளையும் தலைகீழாக, முகம் இருட்டாக, தலைமயிர் மட்டும் வெள்ளைவெளேரென்று. உயிரோடு இருந்திருந்தால் இப்போது எப்படி இருப்பானோ அப்படியே, நரைத்த கிழவனாக ஃப்ளோரியன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். ப்ரூயிட் அம்மாள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் கேன்யா என் தலையைப் பார்த்தாள். "முடி வெட்டல?"

"கடை மூடியிருந்துச்சு," என்றேன். அன்று முழுக்க அதற்குமேல் சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் காலை அவள் கெட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"கேன்யா, ஃப்ளோரியன் கிடைச்சுட்டான்."

குழாயை மூடவில்லை. "எங்க?" என்றாள். அந்த ஒரு கணம், அவன் எங்கோ கரையேறி உயிரோடு இருக்கிறான் என்றுதான் நினைத்திருக்கிறாள். அது அவள் முகத்தில் வந்துபோனதை நான் பார்த்தேன். "படத்துல," என்று சேர்த்துக்கொண்டேன். குழாயை நானே போய் மூடினேன்.

கோயிலுக்குப் போகும் நீல கவுனை உடுத்திக்கொண்டாள். உதட்டுச் சாயம் தேடினாள். அது காய்ந்து போயிருந்தது.

ப்ரூயிட் அம்மாள் பெரிய பிரிண்ட்டாகப் போட்டு வைத்திருந்தார். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்ற படம். கேன்யா மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்தாள்.

"இவ்வளவு சின்னப் பையனா," என்றாள்.

"நாமளும் அப்ப சின்னவங்கதான்."

"இல்ல வாலெக். நான் மனசுல வெச்சிருந்தவனுக்கு வயசாகிட்டே வந்துச்சு. நம்ம கூடவே." விரலை அவன் முகத்தின்மேல் படாமல் காற்றில் நகர்த்தினாள். "இந்த மூஞ்சி எனக்குத் தெரியல. ஐம்பது வருஷமா யாரைத் தேடினேன்?"

பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டிருந்தது: அச்சு அசல் அவன்தான். அந்த நீட்டிக்கொண்டிருந்த காது, கண்ணின் கீழே சின்னத் தழும்பு. ஆனால் இத்தனை வருடம் அவள் கட்டிவைத்திருந்தது வேறொரு முகம். அதை நான்தான் அவள் கையிலிருந்து பிடுங்கிவிட்டேனோ என்றிருந்தது.

"அம்மா, இன்னும் நிறைய இருக்கு," என்றார் ப்ரூயிட்.

ஒவ்வொன்றாகப் பார்த்தோம். கண் சிமிட்டுகிறான். காதில் பூ. மாறுகண் வைத்துக்கொண்டு நிற்கிறான். அப்புறம் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. ஜாம் உருண்டை வாயில், சர்க்கரைத் தூள் கன்னமெல்லாம். கேன்யா சிரித்தாள். வாசலில், வீதி முனையில் நான் கேட்ட சிரிப்பு. கல்யாணமான பிறகு அது ஒருமுறைகூட வீட்டில் கேட்டதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. சந்தோஷமாக இருந்தது. வலிக்கவும் செய்தது.

"இவன்தான்," என்றாள். "இவனேதான்."

பிறகு உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கேட்டு வாங்கி, பழைய வேலைப் பழக்கத்தில் படங்களை ஓரத்திலிருந்து அங்குலம் அங்குலமாகப் பார்க்க ஆரம்பித்தாள். துணியின் மறுகோடிக்கு வந்தாள். ஒரு படம், அடுத்த படம், அதற்கடுத்தது.

"நீ ஏன் எல்லாத்துலயும் மேலயே பாத்துட்டு நிக்கிற?"

"காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்திருப்பேன்."

"காத்தையா?"

"துணி உப்பிக்கும்ல."

"அந்தப் பக்கம் மூணாம் மாடி ஜன்னல்தானே இருந்துச்சு."

அவள் கண்ணாடியைக் கீழே வைத்தாள். ப்ரூயிட் அம்மாள் நாசூக்கான மனுஷி. ஏதோ வேலை இருப்பதுபோல அடுத்த அறைக்குப் போனார். கேன்யா என் சட்டைக் காலரைச் சரி செய்தாள். சரியாகத்தான் இருந்தது.

"என்கிட்ட அப்பவே ஏன் சொல்லல?"

"அவன் சொல்லிட்டான்ல."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் நீ எனக்குக் கிடைச்சுட்டியே."

"கிடைச்சேனா?" என்றாள். என்னிடம் கேட்ட மாதிரி இல்லை. அவளே அவளைக் கேட்டுக்கொண்ட மாதிரி இருந்தது. "பாதியாவது கிடைச்சிருப்பேன்னு நினைக்கிறேன், வாலெக். முழுசான்னு பொய் சொல்ல மாட்டேன்."

"பாதியே நிறையத்தான் இருந்துச்சு," என்றேன். நிஜமாகத்தான் சொன்னேன்.

ஒரு பிரிண்ட்டை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார் ப்ரூயிட். நெஞ்சில் கை வைத்த படத்தைத்தான் எடுப்பாள் என்று நினைத்தேன். அவள் எல்லாவற்றையும் பரப்பி வைத்து, நின்று யோசித்து, யாரும் கவனிக்காமல் ஓரத்தில் கிடந்த ஒன்றை எடுத்தாள். காற்றில் துணி பாய் மாதிரி உப்பி எழுந்த நேரம். ஃப்ளோரியன் கேமராவைப் பார்க்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு துணியை இழுக்கிறான், தொப்பி கழன்று விழப்போகிறது. நானும் மறுபக்கம் காலை ஊன்றி இழுக்கிறேன். கார்கூடச் சரியாக விழவில்லை. ஆல்காட் ஒதுக்கிய படமாக இருக்க வேண்டும். இது அவள் மேசைக்கு வந்ததே இல்லை.

"இதா?" என்றேன்.

"மத்ததுல எல்லாம் எனக்காக நிக்கிறான். இதுல என்னை நினைக்கவே இல்ல. நான் பாக்காதப்ப எப்படி இருந்தான்னு எனக்குத் தெரியவே தெரியாது." படத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். "உனக்குத் தெரியும். நீ கூடவே இருந்த. இனிமே அதைச் சொல்லு."

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் பேச்சே மாறிவிட்டது. அவன் கண் என்ன நிறம், மூக்கு எப்படி என்று கேட்பதில்லை. அவன் தூக்கத்தில் உளறுவானா, சீட்டாட்டத்தில் ஏமாற்றுவானா, கோபம் வந்தால் என்ன செய்வான் என்று கேட்டாள். ஏமாற்றுவான் என்றேன். அவளுக்குப் பரம சந்தோஷம். "எனக்குத் தெரியும், எங்கப்பாகிட்ட ஆடினப்ப அப்பவே எனக்குச் சந்தேகம்," என்றாள். நடுநடுவே என்னைப் பற்றியும் கேட்டாள். அந்த நாளில் நான் சாயங்காலம் என்ன செய்வேன், விடுதியில் எந்த ஜன்னல் பக்கம் படுத்திருந்தேன் என்றெல்லாம். நாற்பது வருடம் கூட வாழ்ந்தவளுக்கு முதல் தடவையாக என்னைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கூச்சமாக இருந்தது. ஆனால் சொன்னேன்.

நூலகத்தில் கண்காட்சி வைத்தபோது, அழிக்காத படங்களையே பெரிதாக மாட்டினார்கள். ஃப்ளோரியன் பேரும் என் பேரும் கீழே அச்சிட்டிருந்தது. கேன்யா ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்று எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்தாள். ப்ரூயிட் அம்மாளின் அப்பா உலைக்கூடத்துப் படம் ஒன்றில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். முதுகு போதும், எனக்கு அடையாளம் தெரிகிறது என்று அந்த அம்மாள் சொன்னார்.

கேன்யா போய் இரண்டு குளிர்காலம் ஆகிறது. காற்றடிக்கும் அந்தப் படம் சமையலறையில் இருக்கிறது. அவளுடைய படங்களும் வீட்டில் நிறையவே உண்டு. கல்யாணக் கோலத்தில், குழந்தையைத் தூக்கிக்கொண்டு, பெண்ணின் பட்டமளிப்பில், ஏரிக்கரையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. ஆனால் நான் தேடுவது அவற்றில் இல்லை. மூன்றாம் மாடியில், வெளிச்சம் விழும் மேசையில், விரலெல்லாம் வெள்ளைச் சாயமாக அவள் குனிந்திருந்த கோலம். கீழே துணியைப் பிடித்துக்கொண்டு நான் அண்ணாந்து பார்த்தது. கம்பெனிக்காரர்கள் காரைத்தான் எடுத்தார்கள். படத்தை அழிக்கிறவர்களை யார் படம் எடுப்பார்கள்?

ஆனாலும் ஆல்காட் சும்மா இருக்கிற ஆள் இல்லை. புது லென்ஸ் வந்தால் கண்ணில் பட்டதை எல்லாம் படம் எடுத்துப் பார்ப்பார். போன வாரம் ப்ரூயிட் அம்மாளுக்குப் போன் போட்டு அதைச் சொன்னேன். இன்னும் திறக்காத பெட்டிகள் இருக்கின்றன, ஐயா, என்றார். பெட்டிகளைத் திறக்க உதவிக்கு ஆள் வேண்டுமா என்று கேட்டேன். திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.